பங்கின் வலைப்பக்கமும் ஒரு பதிவேடே!

சில ஆண்டுகளுக்கு முன், மரித்த விசுவாசிகளின் நினைவு நாளாகிய நவம்பர் 2-ஆம் தேதி மாலையில், நமது பங்கின் கல்லறைத் தோட்டத்து வாயிலில் வாடகைக் கார் ஒன்று வந்து நின்றது. எண்பது வயதை நெருங்கிய தாயார் ஒருவர், மகனின் கையைப் பற்றியவாறு இறங்கினார். கையில் ஒரு கட்டு மெழுகுவர்த்தியும் செவ்வந்தி மாலையும் இருந்தன. அவருடைய கணவர் அந்தத் தோட்டத்தில்தான் துயில் கொள்கிறார். மாலை 4 மணிக்குக் கல்லறை மந்திரிப்பு என்று அறிந்து, ஐந்து மணி நேரம் பயணம் செய்து வந்திருந்தனர். ஆனால் வாயிலோ பூட்டிக் கிடந்தது. ஐப்பசி மாதத்து மாலை மழையை எண்ணி, அவ்வாண்டு மந்திரிப்பைக் காலை 6.30 மணிக்கு மாற்றியிருந்தோம்.

செய்தி கேட்டுச் சாவியுடன் ஓடினோம். அந்த அம்மையார் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. "உங்க கோவில் பக்கத்துல போட்டிருந்த நேரத்தப் பாத்துத்தானே சாமி வந்தோம்" என்று மட்டும் சொன்னார். மகன் தம் கைப்பேசியைத் திறந்து காட்டினார். நமது பங்கின் பெயர், நமது கோவிலின் படம், அவற்றின் கீழே "கல்லறை மந்திரிப்பு, மாலை 4 மணி" என்னும் வரி. அது முந்தைய ஆண்டின் அறிவிப்பு. எந்த ஆண்டிற்குரியது என்பதற்கு அங்கே அடையாளம் ஏதும் இல்லை.

மூன்று ஞாயிறுகள் பீடத்திலிருந்து அறிவித்தோம்; கோவில் வாயிற்பலகையிலும் எழுதினோம். வலைப்பக்கத்தை மட்டும் ஒருவரும் நினைக்கவில்லை. அதன் கடவுச்சொல்லை வைத்திருந்த இளைஞர் வேலையின் பொருட்டு வெளிநாடு சென்று எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. தூறலில் குடை பிடித்து அந்தக் கல்லறையருகே நின்று செபித்தோம். மெழுகுவர்த்தி எரியவில்லை, மாலையை மட்டும் சார்த்திவிட்டுச் சென்றனர். பிழை நம்முடையது, பங்குத்தந்தை என்ற முறையில் முதற்பிழை நம்முடையது.

இன்று ஏறத்தாழ எல்லாப் பங்குகளிலும் ஏதேனும் ஒரு வலைப்பக்கம் உண்டு. அதில் எழுதுவோர் நம் பிள்ளைகள். படிப்போர் நம் உறவினர். ஆகவே, அதில் ஒன்றைச் சேர்ப்பதற்கும் திருத்துவதற்கும் உரிய முறை யாது என்பதை நம் குடும்பங்களோடு சேர்ந்து சிந்திப்பது நலம் எனக் கருதுகிறோம்.

பதிவேடு கற்பிக்கும் பாடம்

திருச்சபைக்கு எழுதி வைக்கும் பழக்கம் புதிதன்று. 1563-ஆம் ஆண்டிலேயே திரிதெந்தின் பொதுச்சங்கம், பங்குக்குருக்கள் திருமணப் பதிவேட்டைக் கவனமாக வைத்திருக்க வேண்டுமெனக் கட்டளையிட்டது. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பும், தன் 535-ஆம் சட்டத்தில், திருமுழுக்கு, திருமணம், இறப்பு ஆகியவற்றின் பதிவேடுகள் ஒவ்வொரு பங்கிலும் இருத்தல் வேண்டும் என்றும், பங்குக்குரு அவற்றைச் செம்மையாய் எழுதிக் காக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. ஒருவருடைய திருமுழுக்குப் பதிவில் அவருடைய உறுதிப்பூசுதலும் திருமணமும் பின்னர் குறிக்கப்படுகின்றன. முதலில் எழுதியது அப்படியே நிற்க, பின் நிகழ்ந்தது அதன் அருகில் சேர்கிறது.

அப்பதிவேட்டில் பிழை நேர்ந்தால் என் செய்கிறோம்? சுரண்டுவதில்லை, வெள்ளை மை பூசுவதில்லை, தாளைக் கிழிப்பதில்லை. பிழையான சொல்லை ஒரே கோட்டால் அடித்து, சரியானதை எழுதி, கையொப்பமும் தேதியும் இடுகிறோம். பெயர், பிறந்த நாள் போன்ற பெரிய மாற்றமாயின் ஆயரகத்தின் அனுமதியைக் கேட்கிறோம். யார் எழுதினார், எப்போது எழுதினார், எதன் ஆதாரத்தில் எழுதினார் என்னும் மூன்று கேள்விகளுக்கும் அப்பக்கமே விடை சொல்லும். இதே மூன்று கேள்விகளுக்கு வலைப்பக்கமும் விடை சொல்லுமாயின், அதன்பால் வரும் குறைகளில் பெரும்பாலானவை தாமே நீங்கிவிடும். நாம் சொல்ல விழைவது சுருக்கமாக இதுவே.

எழுதுமுன் ஆராய்க

நற்செய்தியாளராகிய புனித லூக்கா, தம் நூலின் தொடக்கத்திலேயே, எல்லாவற்றையும் ஆதிமுதல் நுணுக்கமாய் ஆராய்ந்த பின்னரே வரிசைப்படுத்தி எழுதுவதாய்க் கூறுகிறார். நேரில் கண்டவர்கள் வழியாக வந்த செய்தி அது என்பதையும் மறவாமல் குறிப்பிடுகிறார். நாமோ பங்கின் வரலாற்றை எழுதும்போது, வேறொரு பக்கத்தில் கண்டதை அப்படியே பெயர்த்து இடுகிறோம். அதை மற்றொருவர் நம்மிடமிருந்து பெயர்க்கிறார். பத்துப் பக்கங்களில் இருப்பதால் அது உண்மை என்று பதினோராவது ஆள் நம்புகிறார். ஆனால் ஒரே வாயிலிருந்து பத்துச் செவிகளுக்குப் போன செய்தி பத்துச் சாட்சிகள் ஆகாது அன்றோ?

1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார் தம் ஊரில் ஆலயம் கட்டினார் என்று சொல்லும் ஊர்கள் பல. முன்னோர் சொல்லி வந்த மரபு மதிக்கத்தக்கது. ஆனால் சான்று கிடைக்காதவரை, "ஊரார் மரபுப்படி" என்னும் ஒரு சொல்லைச் சேர்த்து எழுதுவதே நேர்மை. கல்வெட்டில் கண்டதாயின் "கல்வெட்டின்படி" என்றும், பதிவேட்டில் கண்டதாயின் "பதிவேட்டின்படி" என்றும் எழுதுக.

2025 செப்டம்பர் 7-ஆம் நாள் புனிதராக உயர்த்தப்பெற்ற கார்லோ அக்குத்திஸ் இதற்கு நல்ல முன்மாதிரி. 1991-இல் பிறந்து, 2006 அக்டோபர் 12-ஆம் நாள் தம் 15-ஆம் வயதில் இறந்த அவ்விளைஞர், நற்கருணைப் புதுமைகளை ஊர்வாரியாகத் தொகுத்து வலைத்தளத்தில் வைத்தார். தொகுப்புக்கு முன் தேடல் இருந்தது. பெற்றோருடன் பல ஊர்களுக்குப் பயணமும் இருந்தது. கணினி அவருக்குக் கருவி. பொறுமையே அவருடைய முறை.

இக்காலத்தில் கேட்டவுடன் கட்டுரை எழுதித் தரும் பொறிகளும் வந்துவிட்டன. அவை தரும் வாக்கியம் அழகாய் இருக்கும். அதில் வரும் ஆண்டும் பெயரும் தவறாயும் இருக்கக்கூடும். அப்படிப் பெற்ற எழுத்தை ஒவ்வொரு வரியாகச் சரிபாராமல் பங்கின் பெயரால் வெளியிடலாகாது. பொறி கையொப்பம் இடாது; இடவேண்டியவர் நாமே.

எழுதும்போது நினைவிற் கொள்க

முதலாவது, வருவோர் எதைத் தேடி வருகின்றனர் என்பதை எண்ணிப் பாருங்கள். திருப்பலி நேரம், பங்கு அலுவலக நேரம், திருமுழுக்குச் சான்றிதழ் பெறும் வழி, கோவிலுக்கு வரும் வழி இவையே பெரும்பாலோர் தேடுபவை. அவை முதலில் நிற்கட்டும். பங்குத்தந்தையின் படமும் வாழ்த்துரையும் பின்னர் வரலாம்.

இரண்டாவது, காலத்தை முழுமையாக எழுதுங்கள். "வரும் ஞாயிறு", "அடுத்த மாதம்", "இவ்வாண்டு" என்பவை பீடத்திலிருந்து சொல்லும்போது பொருந்தும். கேட்போர் அந்நாளில் நம் முன் இருக்கின்றனர். வலைப்பக்கத்தைப் படிப்பவர் எந்நாளில் படிப்பார் என்பதை நாம் அறியோம். தேதி, மாதம், ஆண்டு, கிழமை, நேரம் ஆகிய ஐந்தும் வேண்டும். திருப்பலியை நேரலையில் காட்டுவோர் "இந்திய நேரம்" என்பதையும் சேர்த்தால் வெளிநாட்டில் உள்ள பிள்ளைகள் வாழ்த்துவர். நமது பழைய அறிவிப்பில் ஆண்டு ஒன்று மட்டும் இருந்திருந்தால், அந்த அம்மையார் ஐந்து மணி நேரம் வீணே பயணித்திருக்க மாட்டார்.

மூன்றாவது, அறிவிப்பை எழுத்தாகவே இடுங்கள். பலர் அச்சடித்த சுவரொட்டியைப் படமெடுத்து அப்படியே பக்கத்தில் ஒட்டிவிடுகின்றனர். கண்பார்வையற்ற நம் சகோதரர் பலர், திரையிலுள்ள எழுத்தைக் குரலாக வாசிக்கும் மென்பொருளின் துணையால் படிக்கின்றனர். பொதுவாக அம்மென்பொருளுக்குப் படம் வெறும் படமே. அதிலுள்ள நேரமும் இடமும் அவர் செவிக்கு எட்டா. படம் இட்டே தீரவேண்டுமாயின், அதில் உள்ளதை ஒரு வரியில் விளக்கி உடன் எழுதுங்கள். கைப்பேசியில் எடுத்த பெரிய படங்களைச் சுருக்கி இடுங்கள். சிற்றூரில் குறைந்த இணைய வசதியோடு காத்திருப்போரை மறவாதீர்கள்.

நான்காவது, தமிழை ஒருங்குறியில் தட்டெழுதுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டெழுதியவை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாய்த் தோன்றும், தேடினாலும் கிடையா. 1991-இல் வெளிவந்த முதல் பதிப்பிலேயே ஒருங்குறியில் தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஓலைச்சுவடியில் புள்ளி இடாத வழக்கத்தால் எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் மயங்கிய காலத்தில், படிப்போர் தடுமாறாதபடி அவற்றின் வடிவை வேறுபடுத்தித் தந்தவர் வீரமாமுனிவர் (1680-1747). 1578-இல் கொல்லத்தில் 16 பக்கங்களில் தம்பிரான் வணக்கத்தை அச்சிட்டுத் தமிழுக்கு அச்செழுத்து கொணர்ந்தவர் அண்டிரிக்கு அடிகளார். இத்தகைய முன்னோரின் வழியில் வந்த நாம் எழுத்தின் தெளிவில் அலட்சியமாய் இருத்தல் தகுமோ?

ஐந்தாவது, வேறு பக்கத்திற்கு இணைப்புத் தரும்போது "இங்கே சொடுக்கவும்" என்று மட்டும் எழுதாமல், "திருமணப் பதிவுக்கு வேண்டிய சான்றிதழ்கள்" என்பது போல், சென்றால் கிடைப்பது எது என்பதை எழுதுங்கள். ஒரு பக்கத்தின் முகவரியைக் காரணமின்றி மாற்றாதீர்கள். வலையை வகுத்த டிம் பெர்னர்ஸ்-லீ, முகவரிகள் மாறாதிருக்க வேண்டுமென 1998-இலேயே வற்புறுத்தினார். வீட்டு எண்ணை நாமே மாற்றிவிட்டு, கடிதம் வரவில்லையே என்று வருந்துவதால் பயன் என்ன?

கடைசியாக, எழுதியவரே வெளியிட வேண்டாம். ஒருவர் எழுத, மற்றொருவர் வாய்விட்டுப் படித்துப் பார்க்கட்டும். வாசகம் படிப்பவர் முன்னதாக ஒருமுறை படித்துப் பார்ப்பது போன்றதே இது. வங்கிக் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் இருவர் தனித்தனியே சரிபார்க்க வேண்டும். ஓர் இலக்கம் மாறினால் ஏழைகளுக்குரிய காணிக்கை எங்கோ சென்றுவிடும்.

திருத்தும்போது மறைக்கற்க

திருத்துவோருக்குப் பாதுகாவலர் ஒருவரைத் தேட வேண்டின், புனித எரோணிமுசையே நாம் சொல்வோம். 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில், இலத்தீன் நற்செய்திப் படிகள் ஒன்றோடொன்று முரண்பட்டுக் கிடந்த நிலையில், அவற்றைத் திருத்துமாறு திருத்தந்தை தமாசுஸ் அவரைப் பணித்தார். அப்பணியை முடித்துத் திருத்தந்தைக்கு எழுதிய முன்னுரையில் அவர் இரண்டு செய்திகளைச் சொல்கிறார். கிரேக்க மூலப்படிகளோடு ஒப்பிட்டே திருத்தியது ஒன்று; பொருள் மாறிய இடங்களை மட்டும் திருத்தி, மற்றவற்றை இருந்தவாறே விட்டது மற்றொன்று. பழகிய சொல் மாறியதைக் கண்டு மக்கள் தம்மைத் தூற்றுவர் என்பதையும் அவர் அறிந்தேயிருந்தார். திருத்தும் கைக்கு வேண்டிய பண்புகள் யாவும் இதில் அடங்கும்: மூலத்தைப் பார், தேவையானதை மட்டும் தொடு, என்ன செய்தாய் என்பதை வெளிப்படையாய்ச் சொல்.

எழுத்துப்பிழையைச் சத்தமின்றித் திருத்தலாம். அதனால் எவருக்கும் கேடில்லை. ஆனால் நேரமோ, இடமோ, பெயரோ, தொகையோ மாறினால், "2025 அக்டோபர் 20 அன்று திருத்தப்பட்டது, முன்னர் மாலை 4 மணி என்றிருந்தது" என்று அடியில் ஒரு வரி எழுதுங்கள். பழைய வரியை நம்பிப் புறப்பட ஆயத்தமானவர் அதைக் கண்டு விழித்துக்கொள்வார். தவற்றை ஒப்புக்கொள்வதால் பங்கின் மதிப்புக் குறையாது. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்து பிறருடைய ஒப்புதலைக் கேட்கும் நாம், நம் பிழையை ஒப்புக்கொள்ள நாணலாமா?

எவரும் எழுதத்தக்க கலைக்களஞ்சியமாக 2001-இல் தொடங்கிய விக்கிப்பீடியாவும், 2003-இல் தொடங்கிய அதன் தமிழ்ப் பதிப்பும் இம்முறையைப் பின்பற்றுகின்றன. ஒவ்வொரு பக்கத்திற்கும் ஒரு வரலாறு அங்கே உண்டு. யார், எந்நாளில், எந்தச் சொல்லை மாற்றினார் என்பதை எவரும் திறந்து பார்க்கலாம்; தவறான மாற்றத்தை முந்தைய நிலைக்குத் திருப்பலாம். மாற்றத்திற்கான காரணத்தை ஒரு வரியில் குறிப்பதும் அங்கே நல்வழக்கம். பங்கின் பக்கத்தில் அவ்வசதி இல்லையாயின், ஒரு நோட்டுப் புத்தகமே போதும். தேதி, மாற்றியது, மாற்றியவர், காரணம் என நான்கு பத்திகள் இட்டுக்கொள்ளுங்கள். எதையும் நீக்குமுன் ஒரு படி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் எழுதத்தக்கவை அல்ல

கோவிலில் மூன்று ஓலை வாசிக்கிறோம். அதைக் கேட்போர் ஊரார், மணமக்களை அறிந்தவர், தடையிருந்தால் சொல்லத்தக்கவர். அதே செய்தியைப் பிறந்த தேதியோடும் வீட்டு முகவரியோடும் உலகெங்கும் பரப்புவது வேறு. புதுநன்மை வாங்கும் பிள்ளைகளின் படங்களைப் பெயரும் பள்ளியும் வகுப்பும் சேர்த்து இடுவதும் அவ்வாறே. 2023-இல் இந்திய நாடாளுமன்றம் இயற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவர் பற்றிய விவரங்களுக்குப் பெற்றோரின் இசைவைக் கேட்கிறது. சட்டத்திற்கு முன்பே அன்பு அதைக் கேட்கிறது. பெற்றோரிடம் எழுத்தில் இசைவு பெறுங்கள். பெற்ற பின்னும் பெயரை விடுத்துக் குழுப் படமாக இடுங்கள். "எங்கள் படத்தை எடுத்துவிடுங்கள்" என்று ஒருவர் சொன்னால் காரணம் கேளாமல் எடுத்துவிடுங்கள்.

நோயாளிகளின் நோய், உதவி பெறும் குடும்பங்களின் பெயர் ஆகியவற்றையும் எழுதலாகாது. வலக்கை செய்வதை இடக்கை அறியலாகாது என்றிருக்க, உலகமே அறியும்படி ஏழையின் படத்தை வெளியிடுவது எவ்வாறு தர்மமாகும்? பிறர் எழுதியதையும் பிறர் எடுத்த படத்தையும் கேளாமல் எடுத்தாள்வதும் ஏழாம் கட்டளைக்குப் புறம்பானதே.

சாவி யார் கையில்?

1995-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவன்று வத்திக்கான் தன் வலைத்தளத்தைத் தொடங்கியது. அதைத் தாங்கிய கணினிகளுக்கு மிக்கேல், கபிரியேல், இரபேல் என அதிதூதரின் பெயர்களை இட்டனராம். 2002 பிப்ரவரி 22-ஆம் நாள், சமூகத் தொடர்புக்கான திருப்பீட அவை இணையம் பற்றி இரு ஏடுகளை வெளியிட்டது. கத்தோலிக்கம் என்று பெயரிட்டு வரும் தளங்களுள் எது திருச்சபையின் அதிகாரபூர்வமானது என்பதில் மக்கள் குழம்பக்கூடும் என்னும் கவலை அவற்றிலேயே சுட்டப்பட்டுள்ளது. ஆகவே, நமது பக்கம் நம்முடையதே என்பதை உறுதிசெய்வதும் நம் கடமை.

கடவுச்சொல் ஒருவரிடம் மட்டும் இருக்கலாகாது; இருபது பேரிடமும் இருக்கலாகாது. பங்குத்தந்தையும் பங்குப்பேரவையில் ஒருவரும் அறிந்திருக்கட்டும். பொறுப்பாளர் மாறும்போது அதை மாற்றுங்கள். தளப்பெயருக்குரிய ஆண்டுக் கட்டணத்தைக் கணக்குப் புத்தகத்தில் குறித்து வையுங்கள். கட்டத் தவறினால் அப்பெயரை வேறு எவரும் வாங்கிவிடலாம்; கோவிலைத் தேடிச் சென்றவர் சூதாட்ட விளம்பரத்தைக் காண நேரிடும். குருக்கள் பங்கு மாறும்போது பதிவேடுகளையும் நற்கருணைப் பேழையின் சாவியையும் ஒப்படைப்பது போல், இவற்றையும் ஒப்படைப்புப் பட்டியலில் சேர்த்தல் வேண்டும்.

இவ்வளவும் பெரும் வேலை என்று மலைக்க வேண்டியதில்லை. நமது பங்கில் இப்போது சனிக்கிழமை மாலையில் அரை மணி நேரம் இதற்கென ஒதுக்கியுள்ளோம். கல்லூரி மாணவி ஒருவர் எழுதுகிறார். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் படித்துப் பார்க்கிறார். முடிந்து போன அறிவிப்புகள் முதற்பக்கத்திலிருந்து பழைய அறிவிப்புகளின் பகுதிக்குச் செல்கின்றன. அடியில் "கடைசியாகச் சரிபார்த்த நாள்" என்னும் வரி வாரந்தோறும் மாறுகிறது.

ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும. அந்த அம்மையாரின் மகன் இன்றும் ஒவ்வோர் அக்டோபர் மாத இறுதியிலும் நம்மைத் தொலைபேசியில் அழைக்கிறார். "பக்கத்துல நேரம் பாத்தேன் சாமி. ஆனா சரிதானான்னு ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்" என்கிறார். சரிதான் என்கிறோம். அவர் கேட்பது நியாயமே. ஒரு முறை தவறிய எழுத்து மீண்டும் நம்பப்படுவதற்குப் பல ஆண்டுகள் உண்மையாய் இருக்க வேண்டியிருக்கிறது.

அன்பார்ந்த குடும்பத்தாரே, உங்கள் பங்கின் வலைப்பக்கத்தை இன்றிரவே ஒருமுறை திறந்து பாருங்கள். திருப்பலி நேரம் சரியாயிருக்கிறதா? ஆண்டு எழுதப்பட்டிருக்கிறதா? பிழை கண்டால் உங்கள் பங்குத்தந்தையிடம் தயங்காமல் சொல்லுங்கள். சொல்பவர் குறை காண்பவர் அல்லர். எங்கோ புறப்பட ஆயத்தமாகும் ஒருவருக்கு வழிகாட்டுபவர். உண்மையே உருவான ஆண்டவர், நம் கைகள் எழுதும் சிறு வரிகளையும் உண்மையுள்ளவையாகக் காத்தருள்வாராக.